கிராக் போட்டுக் கொடுத்தது யார்?

புது சிஸ்டம் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் விலை பேசி முடித்த கையோடு ஒன்று கேட்பார்கள். "எல்லாம் போட்டுத்தானே தருவீங்க?" விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், டேலி, ஒரு தமிழ் ஃபான்ட் மூட்டை, போனால் போகிறதென்று ஒரு ஆண்டிவைரஸ். மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி. என்று ஒவ்வொன்றுக்கும் பில்லில் வரி இருக்கும். முதலில் சொன்ன மென்பொருள் எதற்கும் இருக்காது. ஈரோடு வட்டாரத்தில் சிறு அலுவலகங்களுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்வது என் பிழைப்பு. பில்லில் ஏறாத அந்தச் சரக்கை, அதாவது உரிமப் பூட்டை உடைத்துக் 'கிராக்' போட்டு ஓட வைக்கும் திருட்டு மென்பொருளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

பைரசி என்று பேச்செடுத்தாலே, "சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் கோடீஸ்வரன். நான் ஒரு காப்பி போட்டா அவனுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?" என்பார்கள். அதில் நியாயமே இல்லை என்று அடித்துப் பேச என்னால் முடியாது. 1976-இல் பில் கேட்ஸ், தங்கள் பேசிக் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுத்தவர்களைத் திருடர்கள் என்றே சாடி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே கேட்ஸ் 1998-இல் சீனாவைப் பற்றிப் பேசும்போது, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதையே திருடட்டும், பழகிப் போவார்கள், பிறகு எப்படி வசூலிப்பது என்று பார்த்துக்கொள்ளலாம் என்ற தொனியில் பேசினார். திருட்டுக் காப்பியால் சந்தை வளர்ந்தது கம்பெனிகளுக்கும் தெரியும். மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2018-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, 2017-இல் இந்தியக் கணினிகளில் போடப்பட்ட மென்பொருளில் 56 சதவீதம் உரிமம் இல்லாதது என்றது. அந்த விகிதத்தை நம்புகிறேன், என் அனுபவத்தில் சின்ன ஊர்களில் இன்னும் அதிகம். ஆனால் இப்படிப்பட்ட அறிக்கைகள் இத்தனை கோடி டாலர் நஷ்டம் என்று போடும் தொகையை நம்புவதில்லை. கிராக் கிடைக்காவிட்டால் எல்லோரும் காசு கொடுத்து வாங்கியிருப்பார்களா என்ன?

சரி, கோடீஸ்வரன் கணக்கை அவர் பார்த்துக்கொள்வார் என்றே வைத்துக்கொள்வோம். நான் நேரில் பார்க்கிற நஷ்டம் வேறு ஆட்களுடையது.

எங்கள் பகுதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கல்யாண சீசன் நடுவில் கூப்பிட்டார்கள். ஆல்பம் செய்யும் தம்பி, போட்டோஷாப்பில் சேர்த்து முகத்தைப் பளிச்சென்று ஆக்கும் ஒரு பிளக்இன்னைக் கிராக்கோடு எங்கோ தேடி இறக்கியிருக்கிறார். ஜிப்புக்குள் ஒரு ரீட்மீ. அதில் முதல் வரியே, "ஆண்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும், தவறாக வைரஸ் என்று காட்டும்." அணைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஓடுவது போல ஒரு திரை வந்திருக்கிறது. அப்டேட் முடியட்டும் என்று எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் நாலெழுத்தில் ஒரு வால். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: ஃபைல்களைத் திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490.

ஸ்டாப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும் ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் இது. கிராக், போலி உரிம எண் போட்டுத் தரும் கீஜென் வழியாகவே முக்கியமாகப் பரவுகிற குடும்பம். அப்டேட் போலத் தெரிந்தது அதுவே காட்டிய போலித் திரை. அந்த மறைவில் ஃபைல்களைப் பூட்டும், விண்டோஸ் எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களை அழிக்கும், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வெப்சைட்டுகள் திறக்காதபடி ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திருத்தும். போதாதென்று பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகிற இன்னொரு நிரலையும் கூடவே இறக்கிவிடுவதுண்டு. எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் 148 வகைகளுக்கு இலவசத் திறப்பான் வெளியிட்டது. அதற்குப் பிறகு வந்த வகைகளில், தாக்குதல் நடந்த நேரத்தில் கணினி நெட்டில் இல்லாமல் இருந்திருந்தால்தான் கொஞ்சம் நம்பிக்கை. ஸ்டூடியோவில் நெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த வைரஸ் பெரிய ஃபைல்களில் முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டும் என்பதால் வீடியோக்களில் சிலவற்றைத் தேற்ற முடிந்தது. போட்டோக்கள் பெரும்பாலும் போயின. கேமரா கார்டுகளை வேறு வேலைக்கு ஃபார்மேட் செய்துவிட்டிருந்தார்கள்.

பெண்ணின் அப்பா நான் அங்கே இருந்தபோதே போன் செய்தார். ஸ்டூடியோக்காரர், "சர்வர் பிரச்சினைங்க, ரெண்டு நாள்ல தந்திடறோம்" என்றார். வேறு என்ன சொல்வார், பாவம். எந்தக் கம்பெனிக்கும் இதில் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. முகூர்த்தப் படம் போனது, போட்டோஷாப்புக்கு உரிமம் உண்டா இல்லையா என்று கேட்கக்கூடத் தெரியாத ஒரு குடும்பத்துக்கு.

ஆடிட்டர் அலுவலகங்கள் இதைவிடப் பயம். அங்கே ஒரே ஒரு எக்செல் ஃபைலில் எல்லாக் கட்சிக்காரர்களின் பான் எண்ணும், வருமான வரித் தளத்துக்கும் ஜி.எஸ்.டி. தளத்துக்குமான பாஸ்வேர்டுகளும் வரிசையாக இருக்கும். மேஜை டிராயரில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் பின் நம்பர் எழுதிய ஸ்டிக்கர். அந்தக் கம்ப்யூட்டரில், உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோல் காட்டும் கேஎம்எஸ் ஆக்டிவேட்டர் என்ற கிராக் ஓடுகிறது.

அது என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்குத் தனித்தனியாக உரிமக் கீ போடாமல், தங்கள் நெட்வொர்க்கிலேயே ஒரு சர்வர் வைத்து ஆக்டிவேட் செய்துகொள்ள மைக்ரோசாஃப்ட் கொடுத்த வசதிதான் கேஎம்எஸ். குறைந்தது 25 விண்டோஸ் கணினிகளாவது இருந்தால்தான் அந்த சர்வர் வேலை செய்யும். ஒருமுறை ஆக்டிவேட் ஆனால் 180 நாள் செல்லும், அதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கிராக் செய்வது, உங்கள் கணினிக்குள்ளேயே அப்படி ஒரு சர்வர் இருப்பதாக நடிப்பது. அந்த நாடகம் தொடர வேண்டுமானால் அட்மின் உரிமையோடு ஒரு நிரல் உள்ளே தங்கி அடிக்கடி எழுந்து ஓடியாக வேண்டும், ஆண்டிவைரஸ் அதைத் தொடக்கூடாது. சில ஆக்டிவேட்டர்கள் ஒரு ஃபோல்டரை மட்டும் விலக்கச் சொல்லாமல் சி டிரைவ் முழுவதையுமே ஆண்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. காவலுக்கு ஆள் வைத்துவிட்டு, வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பாதே என்று சொன்ன மாதிரி.

உங்கள் கணினியைச் சோதிப்பது சுலபம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறங்கள். "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் விண்டோஸ் இயக்கப்பட்டுள்ளது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறதா? மளிகைக் கடை கம்ப்யூட்டர்களில் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். அது எந்த நிறுவனம் என்று அண்ணாச்சியைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பார். அவருக்கு எப்படித் தெரியும்? போட்டது சர்வீஸ்காரர்.

ஆக, என் தொழிலில் இருப்பவர்கள்தான் இதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும் என்கிறேன். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் என்கிறது. தொழில், வியாபாரம் சாராத சொந்த உபயோகம் என்றால் சிறையை விட்டு அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. "தெரிந்தே" என்ற சொல்லைக் கவனியுங்கள். அண்ணாச்சி தெரியாது என்று சொல்லலாம், உண்மையாகவும் இருக்கலாம். போட்டுக் கொடுத்தவர் அப்படிச் சொல்ல முடியாது. உரிமையை மீறுவதற்கும் அதற்குத் துணை போவதற்குமான 63-ஆம் பிரிவில் தொடக்கமே 6 மாதச் சிறை. ஆதாயம் கருதிச் செய்யவில்லை என்றால் குறைக்கலாம். கூலி வாங்கிக்கொண்டு செய்தவர் அந்தச் சலுகையைக் கேட்பது கஷ்டம். சின்னக் கடைகளுக்குப் போலீஸ் வருவது அபூர்வம்தான், அதைச் சொல்லிப் பயமுறுத்த விரும்பவில்லை. பொறியாளர் அலுவலகங்கள், டிசைன் கம்பெனிகள் நிலைமை வேறு. வடிவமைப்பு மென்பொருள்கள் நெட் வழியே தாய்க் கம்பெனிக்குத் தகவல் அனுப்பும், பிறகு வக்கீல் நோட்டீஸ் வரும். டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையர்களை நியமித்து அலுவலகக் கணினிகளைச் சோதிக்க அனுப்பிய வழக்குகள் உண்டு.

கோடீஸ்வரன் வாதம் அப்படியே கவிழ்கிற இடம் ஒன்று இருக்கிறது. பக்கத்து ஊரில் எனக்குத் தெரிந்த இருவர் உரக்கடைகளுக்கென்றே ஒரு பில்லிங் மென்பொருள் செய்தார்கள். பேட்ச் நம்பர், காலாவதி தேதி, விவசாயிக்குக் கடன் கணக்கு என்று அந்தத் தொழிலின் சந்து பொந்தெல்லாம் தெரிந்து செய்தது. யு.எஸ்.பி.யில் சொருகும் டாங்கிள் லாக் இருந்தால்தான் ஓடும். அந்த லாக் இருப்பதுபோல் ஏமாற்றும் நிரல் ஒன்றை யாரோ செய்ய, மாவட்டம் முழுக்கப் பென்டிரைவில் பரவியது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. காசு கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள் எல்லோரும் அவர்களுக்குத்தான் போன் போட்டார்கள், "நம்ம சாஃப்ட்வேர்ல புது பில் எப்பங்க வரும்?" என்று. இரவு பகலாக உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் மறு வாரமே பென்டிரைவில் சுற்றியது. இப்போது ஒருவர் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார். அந்த மென்பொருள் அதோடு நின்றது.

தமிழ் ஃபான்ட் கதையும் இதே ரகம். நோட்டீஸ், போஸ்டர் வடிவமைக்கும் டி.டி.பி. சென்டர்களில் ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள் இருக்கும், எது யாருடையது என்று எவருக்கும் தெரியாது. ஸ்ரீலிபி போன்ற எழுத்துரு மென்பொருள்களுக்கு ஹார்டுவேர் லாக் இருந்த காலத்திலும் எழுத்துரு ஃபைலை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு எழுத்தின் கொம்பையும் சுழியையும் இழைத்து இழைத்து வரைந்தவருக்கு, நம் ஊர்ச் சுவரெல்லாம் அவர் எழுத்தில் போஸ்டர் ஒட்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. தமிழுக்கு நல்ல எழுத்துருக்கள் குறைவு என்று புலம்புகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசலாம்.

புத்தகப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் விஷயத்தில் மட்டும் என்னால் கறாராக இருக்க முடிவதில்லை. 2001-இல் வந்த 7.0-வோடு அடோபி அதை நிறுத்திவிட்டது. இன்றைக்குக் காசோடு போனாலும் புதிதாக விற்க ஆளில்லை. ஒரு பதிப்பகத்தின் இருபது வருடப் புத்தகங்கள் அந்த வடிவத்தில் கிடந்தால் எப்படித் திறப்பது? சட்டப்படி உரிமை இன்னும் கம்பெனியிடம்தான். ஆனாலும் அந்தப் பழைய ஃபைலைத் திறந்து பி.டி.எஃப். ஆக்கிக்கொள்கிறவரையும், போன மாதம் வந்த மென்பொருளைக் கிராக் போட்டுத் தொழில் நடத்துகிறவரையும் ஒரே தட்டில் வைக்க மனம் ஒப்பவில்லை.

காசில்லாதவர்களுக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். படிப்பவர்களுக்கு முறையான கதவுகள் நிறையவே திறந்திருக்கின்றன. டேலியில் எஜுகேஷனல் மோட் இலவசம், மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிவு போடலாம், கற்றுக்கொள்ள அது போதும். ஆட்டோகேட் செய்யும் ஆட்டோடெஸ்க் கம்பெனி மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. அதில் படித்து முடித்துவிட்டு அதே உரிமத்தில் கட்டடப் பிளான் போட்டுக் காசு வாங்குவது மீறல். கடிதம், கணக்கு வேலைக்கு லிப்ரே ஆபீஸில் யூனிகோட் தமிழ் நன்றாகவே ஓடுகிறது. வீடியோ எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே சின்ன ஸ்டூடியோவுக்குத் தாராளம். எழுத்துருவில் மீரா இனிமை, கேடமரன், முக்த மலர், நோட்டோ வகைகளை வணிக வேலைக்கும் பயன்படுத்தத் திறந்த உரிமம் உண்டு. பிரஸ் வேலைதான் சிக்கல். நாலு வண்ண அச்சுக்கு இலவச மென்பொருளான ஜிம்ப் இன்னும் போட்டோஷாப்புக்கு ஈடாகாது. அங்கே மாதச் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும், அதை வேலைக்கூலியில் சேர்த்து வாங்க வேண்டும். பேப்பர், மை விலை ஏறினால் சேர்க்கிறோம்தானே?

நெட்டில் சில நூறு ரூபாய்க்கு வரும் ஆபீஸ் கீ பற்றி ஒரு எச்சரிக்கை. காசு கொடுத்ததால் ஒரிஜினல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சில நேரம் வருவது கீயே இல்லை, ஒரு ஈமெயில் ஐ.டி.யும் பாஸ்வேர்டும். எங்கோ ஒரு கல்லூரியின் அல்லது நிறுவனத்தின் கணக்கில் உங்களை உறுப்பினராகச் சேர்த்திருப்பார்கள். அதற்கு அட்மின் வேறு யாரோ. அந்தக் கணக்கின் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பில் நீங்கள் வைக்கும் ஃபைல்களை அவர் நினைத்தால் பார்க்கலாம், நினைத்தால் மூடலாம். ஆடிட்டர்கள் இதைப் படித்தால் இன்றே பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே கிராக் ஓடும் சிஸ்டம் வைத்திருப்பவர்கள், முதலில் டாக்குமென்ட், போட்டோ போன்றவற்றை மட்டும் ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். பழைய செட்டப் ஃபைல்களை அதில் சேர்க்காதீர்கள், வைரஸ் அதோடுதான் திரும்பி வரும். பேங்க், ஜி.எஸ்.டி., ஈமெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றுங்கள். பிறகு ஃபார்மேட் போடுங்கள், கிராக்கை மட்டும் நீக்கினால் போதாது. சிஸ்டம் திரும்பி வரும்போது சர்வீஸ்காரரிடம், என்னென்ன மென்பொருள் போட்டார், எதற்கு உரிமம் இருக்கிறது, எது இலவசம் என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் எழுத மாட்டோம் சார்" என்றால், கடையை மாற்றிவிடுங்கள்.