சின்னப் பிள்ளைங்களோட எந்த பீச்சுக்குப் போறது? மணலை எடுத்துப் பாத்தாலே பாதி தெரிஞ்சிடும்

புதுசா ஒரு பீச்சுக்குப் போனா எல்லாரும் முதல்ல பாக்குறது நிழல் இருக்கா, வண்டி நிறுத்த இடம் இருக்கான்னுதான், நான் நேரா தண்ணி தொடுற இடத்துக்குப் போய் குனிஞ்சு ஒரு கைப்பிடி மணல் எடுத்து விரலால தேச்சுப் பாப்பேன். மாவு மாதிரி நைசா இருந்தா எனக்குப் பாதி நிம்மதி. கல் உப்பு மாதிரி நறநறன்னு இருந்தா பிள்ளையோட கைய இறுக்கிப் பிடிச்சுக்குவேன்.

ஏன்னு சொல்றேன். அலை மேல ஏறும்போது மணலைத் தள்ளிட்டு வரும், திரும்பும்போது கொஞ்சத்தை இழுத்துட்டுப் போகும். பெருமணல்ல இடைவெளி அதிகம், அதனால ஏறி வந்த தண்ணில ஒரு பங்கு அங்கேயே உள்ள இறங்கிடும், திரும்புற தண்ணிக்கு வலு குறைஞ்சு, கொண்டுவந்த மணல் மேலேயே தங்கிடும், இப்படியே குவிஞ்சு குவிஞ்சு கரை சரிவா நிக்கும். நைஸ் மணல்ல தண்ணி லேசுல இறங்காது, வந்தது பெரும்பாலும் அப்படியே திரும்பி மணலை வாரிட்டுப் போய் தட்டையா பரப்பிடும். அலையோட சைஸுக்கும் இதுல பங்கு இருக்கு, ஆனாலும் நைஸ் மணல் இருந்தா கரை தட்டையா இருக்க வாய்ப்பு அதிகம்.

தட்டையா இருக்கிறதுல என்ன லாபம்னா, ஒரு அலை தன் உயரத்தை விட சுமார் 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடைஞ்சிடும். 1 மீட்டர் அலைன்னா 1.3 மீட்டர் ஆழத்துல. தட்டையான பீச்சுல அந்த ஆழம் எங்கேயோ தள்ளி இருக்கும், அலை அங்கேயே உடைஞ்சு நுரையா ஊர்ந்து ஊர்ந்து சக்தியெல்லாம் விட்டுட்டு பிள்ளை கால்கிட்ட வரும்போது கணுக்கால் அளவுதான். சரிவான கரையில அதே ஆழம் நாலு எட்டுல வந்துடும், அதனால அலை முழு பலத்தோட கரையோரத்துக்கே வந்து ‘தொம்’முனு விழும். ஒரு கன மீட்டர் கடல் தண்ணி 1,000 கிலோவுக்கு மேல எடைங்கிறதை நினைச்சுப் பாருங்க. பெரியவங்களுக்கே கழுத்துல அடிபடுறது இந்த மாதிரி கரைகள்லதான்.

அப்புறம் திரும்புற தண்ணி. ஓடுற தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்கு ஆகும். நமக்கு முழங்காலுக்குக் கீழ ஓடுற தண்ணி மூணு வயசுப் பிள்ளைக்குத் தொடை வரைக்கும் வரும், அந்த வயசுல உடம்புக்குத் தலை பெருசு, கனமும் மேல்பக்கம் இருக்கும், அதனால சட்டுனு சாஞ்சிடும், எந்திரிக்கிறதும் கஷ்டம். இதுல இன்னொண்ணு, அசையாம நின்னுட்டு உங்க குதிகாலையே பாருங்க, தண்ணி திரும்பும்போது காலைச் சுத்தி வேகம் எடுத்து அடியில இருக்கிற மணலை அரிச்சிட்டுப் போகும், ரெண்டு மூணு அலையில குதிகால் பள்ளத்துல இறங்கியிருக்கும். நமக்கு அது ஒரு கூச்சம் மாதிரி இருக்கும். பிள்ளைக்கு காலை ஊனி நிக்கிற இடமே போயிடுது.

மணல் பாத்தாச்சுன்னா உடனே இறங்கிடாதீங்க, ஒரு 10, 15 நிமிஷம் கடலைச் சும்மா பாத்துட்டு உக்காருங்க. கிட்டத்தட்ட ஒரே மாதிரியான ரெண்டு அலை வரிசை ஒண்ணு மேல ஒண்ணு வரும்போது சில நேரம் ஒண்ணையொண்ணு அமுக்கிடும், சில நேரம் சேந்து பெருசாகும், அதனாலதான் கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு திடீர்னு நாலஞ்சு பெரிய அலை வரிசையா வருது. நாம வந்து இறங்கின ரெண்டு நிமிஷம் அந்த அமைதியா கூட இருக்கலாம்.

அந்த நேரத்துல முக்கியமா தேட வேண்டியது ரிப் கரண்ட். அலைங்க கரைக்குத் தள்ளிக் குவிக்கிற தண்ணி எப்படியாவது கடலுக்குத் திரும்பணும், அடியில மணல் திட்டுங்களுக்கு நடுவுல பள்ளம் இருந்தா எல்லாத் தண்ணியும் அந்த வழியா ஆறு மாதிரி ஓடும். ஆழமான இடத்துல அலை உடையாதுன்னு மேல பாத்தோம் இல்லையா, அதனால அந்தப் பள்ளம் மேல நுரை இருக்காது, ரெண்டு பக்கமும் வெள்ளையா உடைஞ்சிட்டு இருக்க நடுவுல ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் இருண்டு, அலை அடங்கின மாதிரி தெரியும். இதுதான் என்னை ரொம்ப பயமுறுத்துற விஷயம், ஏன்னா பிள்ளைய வெச்சிருக்கிற அப்பா அம்மா “இங்க அலையே இல்ல, வா இங்க விளையாடலாம்”னு தேடிப் போறது சரியா அந்த இடத்துக்குத்தான். வேகமானதுங்க நொடிக்கு 2 மீட்டருக்கு மேலயும் போகும், ஒலிம்பிக் நீச்சல்காரங்களாலயே எதிர்த்து நீந்த முடியாது. அது ஆளை அடியில இழுக்காது, கரையை விட்டு வெளியதான் இழுக்கும், அதனால மாட்டிக்கிட்டா எதிர்த்து நீந்தாம மிதந்துகிட்டு கை காட்டி உதவி கேக்கணும், தெம்பு இருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல விலகணும். நாலு வயசுப் பிள்ளையால இதுல எதுவுமே பண்ண முடியாது, அதனாலதான் இடத்தை முன்னாடியே பாத்து எடுக்கணும்னு இவ்வளவு சொல்றேன். கல் கொட்டின தடுப்புச் சுவர், தூண் பாலம் ஓரத்துல ரிப் அடிக்கடி இருக்கும், ஆத்து முகத்துவாரத்துல ஆத்தோட இழுப்பும் சேந்துக்கும், இந்த இடங்களை விட்டு நல்லா தள்ளியே இருங்க. சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டு நட்டிருந்தா லைஃப்கார்டு பாத்துக்கிற இடம் அதுங்களுக்கு நடுவுலதான்.

தட்டையான பீச்சுலயும் ஒரு சிக்கல் இருக்கு. பெரும்பாலான கடல்ல தண்ணி சுமார் 6 மணி நேரம் ஏறும், 6 மணி நேரம் வத்தும், மறுநாள் இதே நிலை ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளி வரும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏத்த இறக்கம் பெருசா இருக்கும். ஏறுற வேகம் ஒரே மாதிரி இருக்காது, நடு ரெண்டு மணி நேரத்துலதான் பாதி தண்ணி ஏறும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குற தட்டைக் கரையில தண்ணி அரை மீட்டர் ஏறினாலே கரையோரம் 50 மீட்டர் உள்ள வந்துடும். மணல் திட்டு மேல பிள்ளைங்க விளையாடிட்டு இருந்தா பின்னாடி இருக்கிற பள்ளம் முதல்ல நிரம்பிடும், பாத்தா நாலு பக்கமும் தண்ணி.

காத்தையும் பாருங்க. பகல்ல நிலம் சீக்கிரம் சூடாகி மேல காத்து எழும்புறதால கடல்ல இருந்து கரைக்கு வீசும், விடியக்காலையில பெரும்பாலும் தலைகீழ். என் பொண்ணோட பந்து ஒருநாள் காலையில இப்படித்தான் போச்சு, முழங்கால் தண்ணில மிதந்த பந்து அவ ரெண்டு எட்டு வெக்கிறதுக்குள்ள எட்டாத தூரத்துல இருந்துச்சு, நான் இடுப்பைப் பிடிச்சு நிறுத்தினப்பவும் அவ அதைப் பாத்துதான் கைய நீட்டிட்டு இருந்தா. அன்னைல இருந்து காத்து கரையில இருந்து கடலுக்கு வீசினா மிதக்கிற சாமான் எதுவும் வெளிய எடுக்கிறதில்ல.

உடம்புச் சூட்டைத் தண்ணி காத்தை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமா உறிஞ்சும், பிள்ளைங்க சீக்கிரம் குளிர்ந்துடுவாங்க, உதடு நீலமானா உடனே வெளிய தூக்கிடுங்க. குடை நிழல்ல இருந்தாலும் மணல்லயும் நுரையிலயும் பட்டுத் தெறிக்கிற புற ஊதாக் கதிர் வரும், அதனால தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அங்கேயும் வேணும்.

கடைசியா மணல் குழி. ஈர மணலைச் சேத்துப் பிடிச்சிருக்கிறது துகளுக்கு நடுவுல இருக்கிற துளித் தண்ணிதான், வெயில்ல காய்ஞ்சா அந்தப் பிடி விட்டு சுவர் அப்படியே உள்ள சரியும், குழிக்குள்ள உக்காந்திருக்கிற பிள்ளை புதைஞ்சிடும். அவங்க முழங்கால் ஆழத்துக்கு மேல தோண்ட விடாதீங்க, கிளம்பும்போது மூடிட்டு வாங்க, இருட்டினப்புறம் அந்த வழியா நடக்கிறவங்களுக்குக் குழி இருக்கிறதே தெரியாது.