"அக்கா, தண்ணீர் வந்துவிட்டது!"

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஆலோசனை வழங்குவது என் வேலை. முதல் சந்திப்பில் தவறாமல் ஒன்று கேட்பேன்: "இது வேறு யாருக்கெல்லாம் தெரியும்?" உடனே வரும் பதில் பெரும்பாலும், "யாருக்கும் தெரியாது, மேடம்." கொஞ்சம் பொறுத்திருந்தால் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும்.

ஒரு பெண் சொன்ன பட்டியல் இது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்குச் சத்தம் கேட்கும். கேட்டதும் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவிடுவார். ரவிக்கைக்கு அளவு எடுத்த தையல்காரப் பெண் முதுகில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். சுய உதவிக் குழுத் தலைவி மூன்று மாதமாகத் தவணை வராததைக் கவனித்தார். பையன் யாராவது கையை ஓங்கினாலே மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வதை அங்கன்வாடி ஆசிரியை கண்டார். நெற்றியில் தையல் போட்ட மருத்துவர், "குளியலறையில் வழுக்கி விழுந்தார்" என்று சீட்டில் எழுதினார். அம்மா, "பொறுத்துப் போ" என்றார். நான்கு வருடம் அடி வாங்கிய பிறகுதான் அந்தப் பெண் எங்களிடம் வந்தார்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாடு முழுவதும் பார்த்தால், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம். உதவியும் தேடாமல், யாரிடமும் சொல்லாமலும் இருந்தவர்கள் 77 சதவீதம். அவர்கள் சொல்லவில்லை, சரி. பார்த்தவர்கள் இருந்திருப்பார்களே என்பதுதான் என் மனத்தை விட்டு அகலாத கேள்வி.

அவர்களை நான் குற்றம் சாட்டவில்லை. "புருஷன் பெண்டாட்டி சண்டைக்குள் போனால் நாளைக்கு அவர்கள் சேர்ந்துகொள்வார்கள், நாம் பகையாவோம்" என்ற பயம் உண்மையானது. கோர்ட், ஸ்டேஷன் என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற பயமும் உண்டு. ஆனால் பார்த்தவர்கள் தகவல் சொல்ல 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. வன்முறை நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குத் தொடுக்க முடியாது; இது நான்காவது பிரிவிலேயே இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர்களிடம் இதைச் சொல்லும்போது, "அப்படியா?" என்று நிமிர்ந்து உட்கார்வார்கள்.

ஆனால் உதவி என்ற பெயரில் நடப்பது எல்லாம் உதவி ஆகாது. என் தவறையே சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு பெண்ணிடம் கேட்காமலேயே ஊர்ப் பெரியவர்கள் இருவரை அவள் கணவனிடம் பேச அனுப்பினேன். "என் மானத்தைத் தெருவில் விற்றுவிட்டாயா?" என்று அன்றிரவு அவன் அடித்ததில் அவள் கை முறிந்தது. அதற்குப் பிறகு, பாதிக்கப்பட்ட பெண்ணின் சம்மதம் இல்லாமல் எந்த வாசலையும் நான் தட்டியதில்லை. பஞ்சாயத்துப் பேசி, "இனி அடிக்க மாட்டேன்" என்று வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி, அவளை அதே வீட்டுக்கு அனுப்பி வைக்கும் பழக்கம் இன்னும் கொடியது. ஒரே பெண்ணின் பையில் அப்படிப்பட்ட தாள்கள் மூன்று பார்த்திருக்கிறேன். மூன்றிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் பிறகு ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் சொன்ன பெண்ணின் தெருவில் குழுக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினோம். எடுத்ததும் யார் வீட்டுக் கதையையும் பேசவில்லை. சத்தம் கேட்டால் நாம் என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டோம். ஒரு பாட்டிதான் வழி சொன்னார்: வாசலில் நின்று, "அக்கா, தண்ணீர் வந்துவிட்டது, குடத்தை எடுத்துக்கொண்டு வா!" என்று கூப்பிடுவது. தண்ணீர் எந்த நேரத்திலும் வரும் தெரு அது. யாருக்கும் சந்தேகம் வராது. தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேர் போக வேண்டும். அவனிடம் வாதாடக் கூடாது. அவன் கையில் ஆயுதம் இருந்தால் வாசலுக்கே போகாமல் அவசர உதவி எண் 112ஐ அழைக்க வேண்டும் என்பவற்றையும் அவர்களே முடிவு செய்தார்கள். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள், கொஞ்சம் பணம் அடங்கிய ஒரு பை, அவசரமாக வெளியேற நேர்ந்தால் எடுத்துக்கொள்ள, தையல் கடையில் இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கழுத்தை நெரித்தான் என்று ஒரு பெண் சொன்னால், வெளியே தழும்பு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே ஏற்பட்ட காயம் சில மணி நேரம் கழித்துக்கூட உயிரைப் பறிக்கலாம். கழுத்தில் கை வைத்தவன் பின்னால் கொலை செய்யும் ஆபத்தும் பல மடங்கு அதிகம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நடந்ததை நடந்தபடியே பதிவு செய்யச் சொல்லுங்கள். அவள் பிரிந்து போக முடிவெடுக்கும் நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. "கிளம்பி வந்துவிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்குவது போதாது.

ஆண்களைச் சேர்ப்பதுதான் கடினமாக இருந்தது. உகாண்டாவின் கம்பாலாவில் 'சாசா' என்ற திட்டத்தில், அந்தந்தப் பகுதி ஆண்களும் பெண்களுமே அக்கம்பக்கத்தாரோடு சில ஆண்டுகள் பேசி வந்தார்கள். உடல்ரீதியான வன்முறை, திட்டம் நடக்காத பகுதிகளைவிட அங்கே ஏறத்தாழ பாதியாக இருந்தது என்று 2014இல் வெளியான ஆய்வு சொன்னது. எங்கள் தெருவில் அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை. ஓர் ஆட்டோ ஓட்டுநர் மட்டும், குடித்துவிட்டு ஆத்திரத்தோடு வீட்டுக்குக் கிளம்பும் நண்பனிடம், "இன்றைக்கு ஸ்டாண்டிலேயே படு, காலையில் போகலாம்" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்.

அந்தப் பெண் இப்போது நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவோடும், வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற வசிப்பிட உத்தரவோடும் அதே வீட்டில் பிள்ளையோடு இருக்கிறார். தையல்காரப் பெண் தன் கடையில் அளவு எடுக்கும் இடத்துக்குத் திரை போட்டு, அதன் உட்புறத்தில் மகளிர் உதவி எண் 181ஐ எழுதி ஒட்டியிருக்கிறார். போன மாதம் எங்களிடம் வந்த ஒருவரின் கையில், அந்த எண்ணைக் குறித்துக்கொண்ட ரவிக்கை அளவுச் சீட்டு இருந்தது.