ஹைட்ரஜனைக் கடத்துகிறார்களா?

ஆங்கிலத்தின் 'hydrogen carrier' என்பதற்கு ஈடாக 'ஹைட்ரஜன் கடத்தி' என்ற தொடரை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். சுங்கத்துறை துரத்திப் பிடிக்க வேண்டிய ஆள் போலிருக்கிறது.

பேசப்படுவது ஹைட்ரஜனைச் சுமந்து செல்லும் ஒரு திரவம்: மெத்தில்சைக்ளோஹெக்சேன். டொலுயீன் என்ற இன்னொரு திரவத்தோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் கிடைப்பது. எடையில் சுமார் 6 விழுக்காடு ஹைட்ரஜன். 2020இல் புருனேயிலிருந்து ஜப்பானின் கவாசாகிக்கு ஹைட்ரஜன் இந்த வடிவில்தான் கப்பலேறியது. திரவத்தைச் சூடாக்கி, பிளாட்டினம் நானோ துகள்கள் பதிந்த வினையூக்கியின் மேல் செலுத்தினால் ஹைட்ரஜன் பிரிந்துவிடும். மிஞ்சிய டொலுயீன் அடுத்த சுமைக்காகப் புருனேக்குத் திரும்பியது.

'கட' என்பதன் பிறவினை 'கடத்து', கடக்கச் செய்வது. வேரில் குற்றமில்லை. ஆனால் மின்சாரமும் வெப்பமும் அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன: மின்கடத்தி, வெப்பக்கடத்தி, குறைகடத்தி. கடத்தி நின்ற இடத்தில் நிற்கும். அதற்குள் வேறொன்று பாயும். செம்புக் கம்பி எங்கும் போவதில்லை. நம் திரவமோ கடல் தாண்டிப் போகிறது. இதைவிடப் பெரிய சங்கடம், அந்த ஹைட்ரஜன் போய்ச் சேரும் எரிபொருள் கலத்தில், அதாவது ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியில், காத்திருக்கிறது. பரவலாகப் புழங்கும் வகையில், நடுவிலுள்ள சவ்வே ஒரு புரோட்டான் கடத்தி. புரோட்டான் என்பது ஹைட்ரஜனின் அணுக்கருதானே! ஒரே பாடத்தில் இரண்டு கடத்திகளையும் வைத்தால் மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

'தாங்கி' என்போரும் உண்டு. விமானந்தாங்கிக் கப்பலைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அழைக்கட்டும். ஆனால் இதே வினையில் பிளாட்டினத் துகள்கள் ஒட்டியிருக்கும் அலுமினாவுக்கு (அலுமினிய ஆக்சைடு; ஆங்கிலத்தில் 'support') அந்தச் சொல் வேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பருத்துவிடாமல் பிரித்து வைத்திருப்பது அதுதான். பருத்தால் மேற்பரப்பு குறையும். விலையுயர்ந்த உலோகம் உள்ளே வீணாகும். சாலையோரச் சுமைதாங்கிக் கல் நடந்ததுண்டா? சுமையை இறக்கி வைத்தவர்தான் மறுபடி தூக்கிக்கொண்டு நடப்பார். 'ஏந்தி' என்றால் கையேந்தும் நினைவு வந்துவிடுகிறது.

ஆகவே, சுமப்பி. ஹைட்ரஜன் சுமப்பி. சுமக்கும், இறக்கும், வெறுங்கையோடு திரும்பும். காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடுதான், ஒப்புக்கொள்கிறேன்.

அகராதியில் முதலில் கண்ட சொல்லைக் கிள்ளி ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளருக்கு இந்த வேறுபாடெல்லாம் எதற்கு? நான் படித்த அதே கட்டுரையில் 'alumina-supported platinum' என்பது 'அலுமினா ஆதரவு பெற்ற பிளாட்டினம்' என்றும் ஆகியிருந்தது. எந்தத் தொகுதியில் நிற்கிறதோ!