மார்கிட்டின் தடி ஏன் காற்றில் நிற்கிறது?

எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை ஆடிய யாரிடமாவது மார்கிட் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ஸ்டார்ம்வேல் கோட்டைக்குப் போகும் பாதையில் வழிமறித்து நிற்கும் எதிரி அவன். தலையில் கொம்பு, பின்னால் வால், கையில் முறுக்கிய பெரிய தடி. அதை ஓங்குவான். நாம் சட்டென்று உருண்டு விலகுவோம். தடி இறங்காது. காற்றிலேயே நிற்கும். நாம் உருண்டு முடித்து எழுந்திருக்கும்போது சரியாகத் தலையில் இறங்கும்.

கை மெதுவாக இருப்பதால்தான் அடிபடுகிறோம் என்று முதல் இரண்டு நாள் நானும் நினைத்தேன். அப்புறம் இந்தச் சண்டை உள்ளே எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தபோது இந்த விளையாட்டின் மேல் இருந்த மதிப்பு பல மடங்கு கூடியது.

ஜப்பானியக் கற்பனை உலக விளையாட்டுகளில் சண்டை என்றால் முறை வைத்து அடிப்பது என்ற எண்ணம் 1986இல் வந்த டிராகன் குவெஸ்ட் காலத்திலேயே ஊன்றிவிட்டது. நீ ஒரு அடி, அவன் ஒரு அடி. நடுவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். அடுத்த ஆண்டே வந்த ஈஸ் அப்படி இல்லை. அதில் அடிக்க பட்டன்கூடக் கிடையாது, எதிரியின் மேல் சற்று ஓரமாக ஓடி மோத வேண்டும். நேரம் நிற்காமல் ஓடும் சண்டைக்கு ஜப்பானில் அவ்வளவு பழைய வேர் உண்டு. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2009இல் டீமன்ஸ் சோல்ஸ், 2011இல் டார்க் சோல்ஸ் என்று அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. 2022 பிப்ரவரியில் வெளியான எல்டன் ரிங் அந்த வரிசையில் வந்தது. மூன்றையும் இயக்கியவர் ஹிடெடகா மியாசாகி. எல்டன் ரிங் ஓராண்டுக்குள் இரண்டு கோடி பிரதிகள் விற்றது.

சரி, தடிக்கு வருவோம். திரையில் ஓடுவது தொடர்ந்த அசைவு மாதிரித் தெரிந்தாலும் அது நொடிக்கு அதிகபட்சம் 60 படங்கள். அந்த வேகத்தில் ஒவ்வொரு படமும், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும், ஏறத்தாழ 17 மில்லி வினாடி. விளையாட்டு உலகத்தின் கடிகாரம் இந்தத் துண்டுகளாகத்தான் துடிக்கிறது. ஒரு அடி என்பது மூன்று பகுதி: ஓங்கல், வீச்சு, மீட்சி. ஓங்கும்போதும் பழைய நிலைக்குத் திரும்பும்போதும் ஆயுதம் நம் உடம்பில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. நடுவில் இருக்கும் சில ஃப்ரேம்களில் மட்டும்தான் அதற்கு உயிர்.

பட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? கவசத்தின் மடிப்பையும் தடியின் முறுக்கையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு முடியாது. அதனால் பொதுவாக உடம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத கேப்சூல் மாத்திரை வடிவங்களை அடுக்கி வைப்பார்கள். ஆயுதத்தின் மேலும் அப்படியே. நம் உடம்பில் இருப்பது ஹர்ட்பாக்ஸ், ஆயுதத்தில் இருப்பது ஹிட்பாக்ஸ். இரண்டு மாத்திரைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் அவற்றின் ஆரங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைந்தால் அடி பட்டது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்து வடிவியல்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வாளின் நுனி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போனால் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவில் 33 சென்டிமீட்டர் தாவிவிடும். இடையில் ஒரு கை இருந்தால் தொடாமலே தாண்டிப் போய்விடும். ஆகவே முந்தைய இடத்திலிருந்து இந்த இடம் வரை ஆயுதம் கடந்த பரப்பு முழுவதையும் சேர்த்துச் சோதிப்பது வழக்கம்.

கணக்கை ஃப்ரேமோடு கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014இல் வந்த டார்க் சோல்ஸ் 2 நல்ல உதாரணம். நொடிக்கு 30 ஃப்ரேம் என்று நினைத்து எழுதிய ஆயுதத் தேய்மானக் கணக்கு, 60 ஃப்ரேமில் ஓடிய கணினிப் பதிப்பில் இரண்டு மடங்கு வேகமாகத் தேய்த்தது. வாள் ஒரு உடலைத் தொட்டிருக்கும் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித் தொடலாக எண்ணப்பட்டதுதான் காரணம். பிறகு திருத்தினார்கள்.

இப்போது உருளுதல். இதுதான் என்னை மிகவும் கவர்ந்த இடம். உருண்டால் அடிபடாமல் தப்புவது தூரம் விலகுவதால் என்று நினைப்போம். உண்மையில், உருளத் தொடங்கியதும் அரை வினாடிக்கும் குறைவான நேரம் நம் மேல் படும் அடியை விளையாட்டு கணக்கிலேயே எடுப்பதில்லை. இந்த அடிபடாத ஃப்ரேம்களை ஐ-ஃப்ரேம் என்பார்கள். தடி உடம்பை ஊடுருவிப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஒரு காயமும் இருக்காது.

அப்படியென்றால் எந்தப் பக்கம் உருள வேண்டும்? தடி வரும் திசைக்கு எதிராக, அதாவது தடியை நோக்கி. ஒரு பேச்சுக்கு, தடி நொடிக்கு 10 மீட்டர் வேகத்திலும் நாம் 5 மீட்டர் வேகத்திலும் போகிறோம் என்று வையுங்கள். பயந்து அதே திசையில் ஓடினால் தடி நம்மைக் கடக்கும் சார்பு வேகம் 5 மீட்டர். எதிரே போனால் 15 மீட்டர். தடி நம் உடம்போடு ஒட்டியிருக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்காகிவிடும், சின்ன ஐ-ஃப்ரேம் இடைவெளிக்குள் அடங்கிவிடும். பின்வாங்கினால் சாவாய், உள்ளே போனால் பிழைப்பாய் என்பது இந்த விளையாட்டில் வீர வசனம் கிடையாது, இயற்பியல்.

பட்டனிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஓடுவதற்கும் உருளுவதற்கும் ஒரே பட்டன். அழுத்திப் பிடித்தால் ஓட்டம், தட்டிவிட்டால் உருளல். எது என்று விளையாட்டுக்குத் தெரிய வேண்டுமே, அதனால் விரலை எடுக்கும்போதுதான் உருளல் தொடங்கும். பதறி அமுக்கிப் பிடித்தால் அங்கேயே சில ஃப்ரேம் போய்விடும். டிவி தன் பங்குக்கு இன்னும் சிலவற்றைத் தின்னும். டிவி அமைப்பில் அந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் போட்டுக்கொள்வது உண்மையிலேயே உதவும்.

எல்லாவற்றுக்கும் மேலே நம் நரம்பு இருக்கிறது. ஒரு விளக்கு எரிந்ததும் பட்டனை அமுக்க மனிதருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லி வினாடி ஆகும். எது வருகிறது என்று பார்த்து, என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடும். கிரிக்கெட்டிலும் இதே கதைதான்: மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையை அடைய ஏறக்குறைய அரை வினாடிதான். மட்டையாளர் பந்தைப் பார்த்து ஆடுவதைப் போலவே, பந்துவீச்சாளரின் ஓட்டத்தையும் கை வரும் விதத்தையும் வைத்து முன்கூட்டியே கணித்தும் ஆடுகிறார். அதனால்தான் அதே கை வீச்சில் மெதுவாக வரும் பந்துக்கு விக்கெட் விழுகிறது. மட்டை முன்பே போய்விடுகிறது.

மார்கிட் வீசுவது அந்த மெதுவான பந்து. ஓங்கல் பகுதியை மட்டும் நீட்டி வைத்திருக்கிறார்கள். ஓங்கியதைக் கண்டதும் உருளும் பழக்கத்தை இந்த வரிசையின் முந்தைய விளையாட்டுகள் நம் விரலுக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. அந்தப் பழக்கத்துக்குத்தான் இந்தப் பொறி. ஐ-ஃப்ரேம் செலவாகி, உருளலின் மீட்சியில் நாம் மாட்டியிருக்கும் நேரத்தில் வீச்சு வருகிறது. அந்த மீட்சியில் பதறித் தட்டும் இன்னொரு தட்டலையும் விளையாட்டு சேமித்து வைத்து அடுத்ததாக நிறைவேற்றும், மறுபடியும் தவறான நேரத்தில்.

ஒரு சண்டை முழுக்க அவனை அடிக்காமல் சுற்றிச் சுற்றி வாருங்கள். தடியைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். தடி உயரும்போது ஒன்று, நிற்கும்போது இரண்டு என்று வாய்விட்டே எண்ணுங்கள். தோள் முன்னே சரியும் அந்தக் கணத்தில் மூன்று. அப்போது தட்டுங்கள், அவனை நோக்கி.