ஏரியைத் தோண்டும் முன் ஒரு தண்டைக் கிள்ளிப் பாருங்கள்

போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு ட்ரோன் படங்கள் வந்தன. ‘முன்பு’, ‘பின்பு’. முதல் படத்தில் ஓரமெல்லாம் பச்சை கட்டி, நடுவில் தண்ணீர் மினுங்கும் ஓர் ஏரி. இரண்டாவதில் நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிய மண்சுவர், நடுவில் வட்டமாக ஒரு தீவு. “எப்படி இருக்கு சார்?” என்று கீழே ஒரு கேள்வி. இந்த ஆண்டில் எனக்கு வந்த ஐந்தாவது ஜோடி இது. அனுப்பியவர்கள் நல்ல பிள்ளைகள், ஏரியை மீட்க வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்து பிளாஸ்டிக் பொறுக்கியவர்கள். அவர்கள் மனம் நோகக் கூடாதென்று பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். போடாமல் விட்ட பதில்தான் இது: அந்த ஓரத்துப் பச்சையை நீங்கள் தோண்டி எடுத்திருக்கக் கூடாது.

நீர்நிலைத் தாவரங்களைக் கணக்கெடுப்பது என் தொழில். போன தை மாதம் அதே ஏரியின் மேற்குப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். சுற்றிலும் இரண்டு ஏக்கருக்கு இலையே இல்லாத கோரை. எலியோகாரிஸ் என்பது அதன் பேரினப் பெயர். கிரேக்கத்தில் ‘சதுப்பின் அழகு’ என்று பொருள் வரும். பெயர் வைத்தவன் ரசிகன். நம் ஆட்கள் எல்லாவற்றையும் ‘கோரை’ என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுகிறார்கள். பாய் முடையும் கோரையின் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று பட்டை இடறும். இதை உருட்டினால் பெரும்பாலும் வழவழவென்று உருளும். பச்சைத் தண்டே உணவு தயாரிக்கிறது. இலை என்பது அடியில் சுற்றிய மெல்லிய உறை மட்டும். இதில் பெரிய இனம் ஒன்றின் தண்டு உள்ளே வெறும் கூடு, குறுக்கே தடுப்புத் தடுப்பாக இருக்கும். நுனியிலிருந்து அழுத்திக்கொண்டே வந்தால் டப் டப்பென்று வெடிக்கும். மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு இது தெரியும், திட்ட அறிக்கை எழுதுபவர்களுக்குத் தெரியாது. சிறிய இனம் ஒன்று சேற்றில் குண்டூசிகளைக் கொத்தாகக் குத்தி வைத்ததுபோல இருக்கும், ஒவ்வொரு தண்டின் தலையிலும் பழுப்பாக ஒரே ஒரு கதிர். ஐரோப்பாவில் இதன் ஒன்றுவிட்ட தம்பியைக் குளத்து ஓரங்களில் காசு கொடுத்து வாங்கி நடுகிறார்கள். நாம் ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பிடுங்குகிறோம்.

ஏன் பிடுங்கினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “ஆகாயத்தாமரை மாதிரி பரவிடும் சார்.”

பரவாது. சரி, நிதானமாகவே சொல்கிறேன். ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது மிதக்கிறது, அதன் வேர் தண்ணீரில் தொங்குகிறது. அதனால் ஏரி எவ்வளவு ஆழமானாலும் அதற்குக் கவலையில்லை. சாக்கடை கலந்தால் இன்னும் கொழுக்கும். அகன்ற இலைகளால் நீர்ப்பரப்பை மூடிவிடும், கீழே வெயில் இறங்காது, ஆக்சிஜன் குறையும், மீன் சாகும். அதை எடுங்கள். நானும் வருகிறேன், சேர்ந்து எடுப்போம். இலையில்லாத இந்தக் கோரை நம் மண்ணின் செடி. சேற்றில் வேரூன்றி நிற்பது, மிதந்து போகாது. தண்டை நீருக்கு மேல் நீட்டி மூச்சுவிட வேண்டும் என்பதால் முழங்காலிலிருந்து இடுப்பளவு ஆழம்தான் அதன் எல்லை. ஆழமான நடுப்பகுதிக்கு நீங்கள் அழைத்தாலும் வராது. குச்சி குச்சியாக நிற்பதால் இடையில் வெயில் இறங்கும், காற்று புகும். ஒருவேளை நடு ஏரியிலும் கோரை நின்றால், அங்கே வண்டல் சேர்ந்து மேடாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது வண்டலை எடுங்கள், நடுவில் மட்டும். பச்சையாக இருப்பதெல்லாம் ஒன்று என்றால் நெல்வயலையும் புல் என்று பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

அடுத்தது கொசு. டெங்கு பரப்பும் கொசு உங்கள் மொட்டை மாடி டயரிலும் மூடாத தொட்டியிலும் வளர்கிறது. இரவில் காதருகே பாடுவது சாக்கடையிலிருந்து வருகிறது. கோரைத் தண்டில் நீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பழுப்பு நிறத்தில், முதுகு பிளந்த பூச்சிக்கூடு ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தட்டான் உரித்துப் போட்ட சட்டை அது. தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்று வளர்ந்த தட்டான் குஞ்சு, ஒரு நாள் தண்டைப் பிடித்து ஏறி வந்து, அங்கேயே தோலுரித்துப் பறந்துவிடும். ஏறத் தண்டில்லாத செங்குத்து மண்சுவரில் அது என்ன செய்யும்? நான் அந்த மேற்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் சதுரத்துக்குள் பதினோரு சட்டைகள் எண்ணினேன். இந்த மாதம் போய்ப் பார்த்தேன், எண்ண ஒன்றுமில்லை.

பறவைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கேமராவோடு வருகிறவர்களுக்குத் தெரியும். முக்குளிப்பானும் தாழைக்கோழியும் கூடு கட்டுவது இந்த ஓரத்தில்தான். நீலத்தாழைக்கோழி தண்டைப் பிடுங்கி, அடியிலுள்ள வெள்ளைப் பகுதியை ஒரு காலில் பிடித்துக்கொண்டு, நம் வீட்டுப் பாட்டி முறுக்குத் தின்பதுபோல நிதானமாகத் தின்னும். விராலும் இங்கேதான். செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்துபோக, தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்த ஏரியில் வலை வீசும் பெரியவர் ஒருவர், “கோரைய எடுத்துட்டா விரா எங்க சார் குஞ்சு வைக்கும்?” என்று கேட்டார். திட்டக் கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

“கோடையில் அது காய்ந்துதானே போகிறது, அதற்கா இத்தனை பாடு?” என்று ஒரு பொறியாளர் கேட்டார். காய்வதுதான் அதன் வாழ்க்கை. ஏரி வற்றி மண் வெடிக்கும்போது, வேர்த்தண்டும் சிறு கிழங்கும் விதையும் களிமண்ணுக்குள் உறங்கும். ஐப்பசி மழைக்கு எழுந்துகொள்ளும். ஆண்டு முழுக்கத் தண்ணீர் தேங்க வேண்டும் என்ற ஆசையில் நாம் கெடுப்பது இந்த ஓட்டத்தைத்தான். வியட்நாமில் டிராம் சிம் என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது, மேகாங் கழிமுகத்தில். நம் ஏரியில் நிற்கும் அதே வெடிக்கும் கோரையின் கிழங்கைத் தின்ன அங்கே சாரஸ் கொக்குகள் வந்தன. 1988-இல் ஆயிரத்துக்கும் மேல் எண்ணினார்கள். காட்டுத்தீக்குப் பயந்து ஆண்டு முழுவதும் நீர்மட்டத்தை உயர்த்தியே வைத்தார்கள். வறட்சியே காணாத கோரை மெலிந்தது, கிழங்கு குறைந்தது. வெளியே இருந்த நிலமெல்லாம் வயலானதும் சேர்ந்துகொண்டது. அண்மைய ஆண்டுகள் சிலவற்றில் ஒரு கொக்குகூட வரவில்லை. இப்போது கோடையில் தண்ணீரை இறக்கி, கோரையை மீட்கப் பாடுபடுகிறார்கள். இத்தனைக்கும் அது 2012-லேயே ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம்.

இங்கேயும் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தபோது கைதட்டினோம். சதுப்புநிலம் என்பதே இந்தப் பச்சை ஓரம்தான் என்பது மட்டும் நம் ஊர் ஏரிக்கு வரும்போது மறந்துவிடுகிறது. சட்டமும் உதவிக்கு வராது: 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை அப்படி வெட்டியவைதான். ஆகவே காப்பாற்றினால் நீங்கள் காப்பாற்ற வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? தூர்வாரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏரியைப் பார்க்க மே மாதம் போகாதீர்கள். அப்போது எந்த ஏரியும் பொட்டல்தான், ஒப்பந்தக்காரர் அழைத்துப் போகும் மாதமும் அதுதான். தையில் போங்கள், எந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு மண் வேலையைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். நீர் வரும் பக்கத்துச் சரிவைத் தொடாதீர்கள். ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா, ஒரு பக்கத்தையாவது மறுபடி சாய்த்துக் கொடுங்கள், ஒரு கன்றுக்குட்டி சறுக்காமல் இறங்கித் தண்ணீர் குடிக்கும் அளவுக்கு. கரையின் அடியை ஒட்டித் தோண்டாதீர்கள், கரை உட்காரும். இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓரத்தைத் தோண்டியே ஆக வேண்டுமென்றால் மேல் மண் ஓர் அடியைத் தனியாகக் குவித்து, வேலை முடிந்ததும் அதே ஓரத்தில் பரப்பிவிடுங்கள். விதையும் கிழங்கும் அதற்குள் இருக்கின்றன. அதை லாரியில் ஏற்றி மனைக்கு நிரப்ப அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு “ஏன் சார் பறவை வரலை?” என்று என்னிடம் கேட்காதீர்கள்.

களைக்கொல்லி தெளிக்கவே தெளிக்காதீர்கள். சம்பு விஷயம் வேறு. ஆளுயரத்துக்கு வளர்ந்து, பழுப்பு நிறத்தில் ஊதுவத்திக் கட்டைபோலக் கதிர் விடுமே, அது சாக்கடை வந்தால் கோரையையும் நெருக்கிவிடும். அதை நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால் காற்று கிடைக்காமல் வேர் அழுகும். திட்டுத் திட்டாக வெட்டுங்கள், கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஆனால் முதலில் சாக்கடைக் குழாயை அடைத்துவிடுங்கள். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சம்பு வெட்டுவது ஒப்பந்தக்காரருக்கு நல்ல வருமானம், உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

அப்புறம், அடுத்த முறை எனக்கு ட்ரோன் படம் அனுப்பாதீர்கள், தயவுசெய்து. நூறு மீட்டர் மேலிருந்து பார்த்தால் ஆகாயத்தாமரையும் கோரையும் எனக்கே ஒன்றுபோலத்தான் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் இறங்குங்கள். ஒரு தண்டை அடியோடு பிடுங்கி, வேரிலுள்ள சேற்றைக் கழுவி, உள்ளங்கையில் வைத்து ஒரு படம், நுனியை மட்டும் கிட்டத்தில் ஒரு படம். இரண்டும் போதும். வண்டி வருவதற்கு முந்தின நாள் இரவு அனுப்பினால்கூடப் பதில் போடுகிறேன்.