தடைக்காலத்தின் பலனை எப்படி அளப்பது?

மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று அரசு விதிக்கும் தடையால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கரையேற்றிய படகுகளில் மராமத்து நடக்கிறது. மரத்தின் இடுக்குகளை அடைத்துப் பெயிண்ட் அடிக்கிறார்கள், கிழிந்த வலைகளைத் தைக்கிறார்கள். தடை முடிந்து முதல் நடை போய்வந்த படகுகளிலிருந்து இறாலும் நண்டும் கணவாயும் கூடை கூடையாக இறங்குவதைப் பார்ப்பவருக்கு, தடைக்காலம் பலன் தந்துவிட்டது என்றே தோன்றும்.

ஆனால் அந்தக் கூடைகளை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. இனப்பெருக்கம் சிறிதும் கூடாவிட்டாலும், இரண்டு மாதம் யாரும் இழுவலை போடாத கடலில் மீன் சேர்ந்திருக்கத்தான் செய்யும். அந்நேரத்தில் கச்சான் எனும் மேற்குக் காற்றும் நீரோட்டமும் வேறு மாறியிருக்கும். பொருளியல் கேட்கும் கேள்வி இதுதான்: அதே ஆண்டில், அதே கடலில், தடை மட்டும் இல்லாதிருந்தால் மீன்பாடு, அதாவது பிடிபடும் மீனின் அளவு, எவ்வளவு இருந்திருக்கும்? நடக்காத ஒன்றை யாராலும் பார்க்க முடியாது என்பதால், அதற்கு ஈடாக நிற்கக்கூடிய ஓர் ஒப்பீட்டைத் தேடிப் பிடிப்பதே கொள்கை மதிப்பீட்டின் பெரும்பகுதி வேலை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். புதிய விதி வந்த துறையில் ஒரு நடைக்கு 100 கிலோவாக இருந்த மீன்பாடு 130 ஆகிறது. விதி வராத துறையில் 80 கிலோ 100 ஆகிறது. விதி இல்லாமலேயே 20 கிலோ கூடியிருக்கும் என்று கொண்டால், விதியின் பலனாக எஞ்சுவது 10 கிலோதான். விதி வராதிருந்தால் இரண்டு துறைகளும் ஒரே போக்கில் நகர்ந்திருக்கும் என்ற அனுமானத்தின் மேல்தான் இந்தக் கணக்கு முழுவதும் நிற்கிறது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1992-இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் பக்கத்துப் பென்சில்வேனியாவின் துரித உணவகங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தது இந்த வழியில்தான். வேலைவாய்ப்பு குறைந்ததற்கான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2017-இல் தடை 45 நாட்களிலிருந்து 61 நாட்களாக நீண்டது. அதன் பலனை எதோடு ஒப்பிடுவது? தடைக்கு உட்படாத நாட்டுப்படகுகள் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் விசைப்படகு தொடாமல் விட்ட மீன் நாட்டுப்படகின் வலையிலும் விழுகிறது. ஒப்பிட வைத்த தரப்பே விதியின் பலனை அனுபவித்துவிடுகிறது, வித்தியாசமும் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரிகிறது. ஜூன், ஜூலையில் தடை இருக்கும் மேற்குக் கடற்கரைக்கோ கடலும் வேறு, மழைக்காலமும் வேறு. என் பார்வையில் மீன் வகைகளுக்குள்ளேயே ஒப்பிடுவது மேலானது: தடை நாட்களில் முட்டையிடும் வகைகள், வேறு மாதங்களில் முட்டையிடும் வகைகளைவிட அடுத்தடுத்த ஆண்டுகளில் கூடுதலாகப் பெருகினவா என்று பார்க்கலாம். அதற்கு வகைவாரியான இறக்குக் கணக்கு பல ஆண்டுகளுக்கு வேண்டும். மண்டபத்தில் நெடுங்காலமாக இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், நாட்களையும் படகுகளையும் குலுக்கல் முறையில் தேர்ந்து அப்படிப்பட்ட கணக்கை எடுத்துவருகிறது.

விதி வந்தால் மனிதர்களும் அதற்கேற்ப மாறிக்கொள்வார்கள். அலாஸ்காவில் ஹாலிபட் மீன்பிடிக்கும் காலத்தைச் சுருக்கச் சுருக்க, படகுகள் பெருகி ஒரே நாளில் அள்ளப் போட்டியிட்டன. 1990-களின் தொடக்கத்தில் சில பகுதிகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று நாட்களே மிஞ்சின. 1995-இல் இவ்வளவு பிடிக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் தனி ஒதுக்கீடு வந்தபின் காலம் ஏறக்குறைய எட்டு மாதமாக நீண்டது. இங்கும் தடை முடிந்த மறுநாள் எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்புவதால், எஞ்சின் திறனும் இழுக்கும் நேரமும் கூடுகின்றனவா என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

தடைக்காலத்துக்காக மீனவக் குடும்பங்களுக்கு அரசு தரும் நிவாரணத்தையும் இப்படித்தான் ஆராய வேண்டும். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அது குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. 61 நாட்களுக்கு வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். படகு உரிமையாளருக்கும் பங்குக்குப் போகும் தொழிலாளிக்கும் இந்தத் தொகை ஒரே அளவில் உதவாது. வரும் மீனை நம்பி ஐஸ் உடைப்பவரும் கருவாடு போடும் பெண்களும் இழப்பதை மீன்பாட்டுக் கணக்கு காட்டவே காட்டாது. அதற்கு வீடு வீடாகப் போய், மே மாதத்தில் வட்டிக்கு வாங்கிய கடன் எவ்வளவு, அடகு வைத்த நகை எந்த மாதம் திரும்பியது என்று தடைக்கு முன்னும் பின்னும் கேட்டு எழுத வேண்டும்.