மதிப்பிறக்கம்: இறங்கியதா, இறக்கினார்களா?

ரூபாய் சரிந்த மறுநாள் நாளிதழைப் புரட்டினால் மதிப்பிறக்கம், மதிப்புக் குறைப்பு, மதிப்பிழப்பு, வீழ்ச்சி என்று நாலைந்து சொற்கள் கலந்து கிடக்கும். படிப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றும். பொருளியலில் இவை வேறு வேறு.

மதிப்பிறக்கம் என்பது ஒரு முடிவு. அரசோ மத்திய வங்கியோ, 'இன்றுமுதல் நம் பணத்துக்கு டாலரில் இவ்வளவுதான் விலை' என்று தானே குறைத்து அறிவிப்பது. ஆங்கிலத்தில் டிவேல்யுவேஷன். டாலருக்கு அலைவோர் சந்தையில் பெருகி, ரூபாய் தானாகக் கீழே போனால் அது டிப்ரிசியேஷன். அதற்கு மதிப்புத் தேய்வு என்பது பொருந்தும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்றார்களே, அது இரண்டிலும் சேராது. அது பணமதிப்பு நீக்கம்.

டிவேல்யுவேஷனுக்குள் இருக்கும் லத்தீன் வேர் 'வலேரே', வலுவோடிருத்தல். டிப்ரிசியேஷனுக்குள் இருப்பது 'பிரெத்தியும்', விலை. நம் 'மதிப்பு' மதி என்ற வினையிலிருந்து வந்தது: அளந்து கணித்தல். சிக்கல் பின்பாதியில்தான். இறங்கு, இறக்கு இரண்டுக்கும் பெயர்ச்சொல் இறக்கம்தான். தானே இறங்கினாலும் இறக்கம், ஒருவர் இறக்கிவைத்தாலும் இறக்கம். செய்தி எழுதுவோர் தடுமாறுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். 'மதிப்புக் குறைப்பு' என்றால் குழப்பமில்லை. குறைப்பு என்றாலே குறைத்தவர் ஒருவர் இருக்கிறார். என்னைக் கேட்டால் அதையே முதலில் வைப்பேன். மதிப்பிறக்கம் புழக்கத்தில் ஊறிவிட்டது, சரி, இருக்கட்டும். தேய்வுக்கும் அதையே போடாமல் இருந்தால் போதும். இலங்கைத் தமிழில் மதிப்பு இருக்குமிடத்தில் பெறுமதி நிற்கும்: பெறுமதி இறக்கம், பெறுமதித் தேய்வு.

இறக்கியதற்கு நல்ல சான்று 1966 ஜூன் 6. பாகிஸ்தானோடு போர், அதோடு வறட்சி, கையில் அந்நியச் செலாவணி இல்லை, உதவி தருவோரின் நெருக்கடி வேறு. இந்திரா காந்தி அரசு டாலரின் விலையை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக மாற்றியது. அமைச்சரவையில் இருந்த சி. சுப்பிரமணியம் இதை ஆதரித்தவர். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜருக்கோ கடும் கோபம்.

இந்தக் குறைப்பை ஒருவர் 36.5 சதவீதம் என்பார், இன்னொருவர் 57.5 என்பார். இரண்டும் சரி. ஒரு ரூபாய்க்கு முன்பு 21 சென்ட் கிடைத்தது, பிறகு 13.33 சென்ட், ரூபாயின் பக்கமிருந்து பார்த்தால் 36.5 சதவீதம் குறைவு. டாலரின் பக்கமிருந்து பார்த்தால் 4.76 என்பது 7.50 ஆனது, 57.5 சதவீதம் கூடுதல். மதிப்பிறக்கம் என்று எழுதும்போது ரூபாயின் பக்கத்துக் கணக்கைத்தான் சொல்ல வேண்டும். இதிலும் அடிக்கடி தவறு நடக்கிறது.

1991 ஜூலை 1, 3 தேதிகளில் மறுபடி இறக்கினார்கள். ஒரு டாலர் ஏறத்தாழ 21 ரூபாயிலிருந்து 26 ரூபாய்க்குப் போனது. முதல் கட்டத்துக்கே எதிர்ப்பு கிளம்ப, இரண்டாவதை நிறுத்த முடியுமா என்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் சி. ரங்கராஜனைத் தொலைபேசியில் கேட்டார். அதற்குள் அறிவிப்பு வெளியாகிவிட்டது. 1993 மார்ச்சிலிருந்து ரூபாயின் விலை சந்தையின் கையில். ரிசர்வ் வங்கி கையிருப்பு டாலரை விற்றுச் சரிவின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆக 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தொட்டது தேய்வு, இறக்கம் அல்ல.

நடுவில் நிற்கும் நிகழ்வும் உண்டு. 2022 மார்ச்சில் இலங்கை மத்திய வங்கி, 200 ரூபாயை ஒட்டி இழுத்துப் பிடித்திருந்த டாலரின் விலையை விட்டுவிட்டது. மே மாதத்தில் அது 360 வரை போயிற்று. விட்டது முடிவு, விழுந்தது சந்தை. இதற்கு 'மிதக்க விடுதல்' என்று தனிப்பெயர் இருக்கிறது. அந்தச் செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. பணவீக்கம் ஊருக்குள் பணம் இளைப்பது, மதிப்பிறக்கம் எல்லைக்கு வெளியே இளைப்பது. எரிபொருளையும் மருந்தையும் வெளியே வாங்கும் நாட்டில் ஒன்று மற்றதை இழுத்துவந்துவிடும்.

பழந்தமிழில் இதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல் வாசி. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவன் நாள்தோறும் பொற்காசு வைத்ததாகக் கதை. அப்பர் காசு கடைத்தெருவில் முழு விலைக்குப் போயிற்று. சம்பந்தர் காசுக்கு வட்டம் பிடித்தார்கள், அதாவது தள்ளுபடி. அதனால் அவர் மடத்தில் சோறு தாமதம். 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று அவர் பாடியது அப்போதுதான். வாசி, காசை மாற்றும்போது கழித்துக்கொள்ளும் வேறுபாடு. இது அரசாணை இல்லாமல் கடைத்தெருவே குறைத்தது, எனவே தேய்வின் பக்கம்தான் சேரும்.

எதிர்ச்சொற்களும் இப்படியே பிரியும். சந்தையில் ஏறினால் மதிப்பு உயர்வு, அரசு ஏற்றினால் மதிப்பேற்றம். ஏற்றுமதி அடிபடும் என்பதால் பின்னதை யாரும் எளிதில் செய்வதில்லை. 1961 மார்ச்சில் மேற்கு ஜெர்மனி தன் மார்க்கை 5 சதவீதம் ஏற்றியது. நெதர்லாந்தும் தன் கில்டரை அதே அளவு ஏற்றியது.